வேளாண் அறிவியல் கண்காட்சிக்குத் தயாராவது எப்படி? சேலம், ஏற்காடு மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அறிவியல் கண்காட்சியில் வேளாண்மை வரிசைப் பக்கம் ஒருமுறை நடந்து பாருங்கள். தெர்மாகோல் வயல், பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூள், குளுக்கோஸ் டியூபில் சொட்டுநீர். பிள்ளைகள் ராத்திரி கண்விழித்துச் செய்தவை. அந்த உழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நடுவர் வந்து, "இதில் நீ என்னம்மா கண்டுபிடித்தாய்?" என்று கேட்டதும் அந்தக் குழந்தை திகைத்து நிற்பதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருக்கிறது.

நான் சேலம் மாவட்டத்தில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். மாணவர்களை இந்தப் போட்டிகளுக்குக் கூட்டிப்போய் வந்ததில் நான் புரிந்துகொண்டது இதுதான்: நல்ல வேளாண் ஆய்வுக்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. உங்கள் ஊர் மண்ணில் பிறந்த ஒரு சின்னக் கேள்வி வேண்டும். அதை ஜூன் மாதமே கேட்டுவிட வேண்டும். செடிக்கு நம் போட்டித் தேதி தெரியாது.

எந்தப் போட்டி என்று முதலில் பாருங்கள்

எல்லாப் போட்டியும் ஒரே விஷயத்தைக் கேட்பதில்லை. தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடந்து வருகிறது. 10 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு. உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, நேரில் போய்ப் பார்த்து, அளந்து, ஆய்வறிக்கையாகத் தர வேண்டும். வேளாண்மைக்கு இதைவிடப் பொருத்தமான மேடை எனக்குத் தெரிந்து இல்லை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் மானக் விருது வேறு மாதிரி. அது 6-ஆம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. ஒரு பள்ளியிலிருந்து ஐந்து யோசனைகள் வரை அனுப்பலாம். தேர்வானால் மாதிரி செய்ய மாணவர் வங்கிக் கணக்கிலேயே 10,000 ரூபாய் வரும். அங்கே புது யோசனைக்குத்தான் மதிப்பு. பாட்டிக்கு முதுகு வலிக்காமல் களை எடுக்க ஒரு கருவி என்றால் இன்ஸ்பயர். எந்த உரத்தில் எவ்வளவு களை முளைக்கிறது என்றால் குழந்தைகள் மாநாடு.

என்.சி.இ.ஆர்.டி. வழிநடத்தும் மாநில, தேசிய அறிவியல் கண்காட்சிகளும் உண்டு. 9-ஆம் வகுப்புக்கு மேல் இருந்து, ஓராண்டு உழைக்கத் தயாராகவும் இருந்தால் ஐரிஸ் தேசிய அறிவியல் கண்காட்சியைப் பாருங்கள். அதில் தேர்வாகிறவர்கள் அமெரிக்காவில் ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் ஐசெஃப் என்ற உலகப் போட்டிக்குப் போகிறார்கள். அங்கே தாவர அறிவியல் தனிப் பிரிவாகவே இருக்கிறது. ஒரு குழுவில் அதிகபட்சம் மூன்று பேர்.

விதிகளும் கடைசித் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் பள்ளி திறந்த முதல் வாரமே தலைமை ஆசிரியரிடம் சுற்றறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

கேள்வி எங்கே கிடைக்கும்?

இணையத்தில் கிடைக்காது. 2014-ல் கூகுள் அறிவியல் கண்காட்சியில் பெரும்பரிசு வாங்கிய மூன்று அயர்லாந்து மாணவிகளின் ஆய்வு, வீட்டுத் தோட்டத்துப் பட்டாணி வேரில் இருந்த முடிச்சுகளைப் பார்த்ததில்தான் ஆரம்பித்தது. பயறு வகைகளின் வேரில் வாழும் அந்த ரைசோபியம் பாக்டீரியா பார்லி, ஓட்ஸ் விதைகளின் முளைப்பை வேகப்படுத்துமா என்று கேட்டார்கள். ஆயிரக்கணக்கான விதைகளை முளைக்க வைத்துப் பார்த்தார்கள். வேர்முடிச்சை நாமும் தட்டைப்பயறிலும் நிலக்கடலையிலும் பிடுங்கிப் பார்த்தவர்கள்தானே.

நம் மாவட்டம் கேள்விகளுக்குப் பஞ்சமில்லாத இடம். ஆத்தூர், தலைவாசல் பக்கம் இருப்பவர்களுக்கு மரவள்ளி. கிழங்கு விளைய ஒன்பது, பத்து மாதம் ஆகும் என்பதால் விளைச்சலை ஆராய உங்களுக்கு நேரம் போதாது. ஆனால் கரணை, அதாவது நடுவதற்கு வெட்டும் தண்டுத் துண்டு, இரண்டு வாரத்துக்குள் முளைவிடும். நுனியையும் அடியையும் கழித்துவிட்டு, நடுத்தண்டில் சுமார் 15 செ.மீ. நீளத்துக்கு, எட்டுப் பத்துக் கணு இருப்பதாக வெட்டச் சொல்வார்கள். நுனிக் கரணை, நடுக் கரணை, அடிக் கரணை மூன்றையும் நட்டு, எது எத்தனை நாளில் முளைத்தது, முளை எவ்வளவு தடிமன் என்று பார்த்தால் ஒரு மாதத்தில் முழு ஆய்வு. பெரியவர்கள் சொல்வது சரிதானா என்று நீங்களே அளந்து பார்த்துவிடலாம்.

மரவள்ளியிலேயே இன்னொன்று. 2020-ல் கேரளத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. பிறகு நம் பக்கத்து வயல்களிலும் செடியின் நுனி கொத்தாகச் சுருண்டு நின்றது. அதைக் கட்டுப்படுத்த ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனாகைரஸ் லோப்பஸி என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து, 2022-ல் நம் மாவட்டத்தில் விட்டார்கள். ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உலக அளவில் பேசப்படும் ஒரு பூச்சி மேலாண்மை உங்கள் பள்ளிப் பேருந்து போகும் வழியில் நடந்திருக்கிறது! மருந்தோ பூச்சியோ தொடாமல் இதில் ஓர் ஆய்வு செய்யலாம். நூறு செடிக்கு எத்தனை செடியில் நுனி சுருண்டிருக்கிறது? வயலின் ஓரத்தில் அதிகமா, நடுவிலா? ஊடுபயிர் போட்ட வயலில் எப்படி? நடந்து எண்ணினால் போதும்.

ஜவ்வரிசி மில் பக்கத்தில் வீடா? திப்பியைப் பாருங்கள். மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவு எடுத்தபின் மிஞ்சும் இந்தச் சக்கை சிமெண்டுத் தரையில் காய்வதை நாம் தினமும் கடந்துபோகிறோம். வைக்கோலோடு கால் பங்கு, அரைப் பங்கு காய்ந்த திப்பி சேர்த்துச் சிப்பிக் காளான் படுக்கை போட்டால் மகசூல் கூடுமா, குறையுமா? ஒன்றரை மாதத்தில் முடியும் ஆய்வு இது.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு, 1820-களில் மலையேறிய காபியும் அதன் நிழல் மரங்களும் இருக்கின்றன. சில்வர் ஓக் இலை சீக்கிரம் மட்குமா, பலா இலை சீக்கிரம் மட்குமா? பழைய கொசுவலைத் துணியில் சின்னப் பைகள் தைத்து, ஒவ்வொன்றிலும் 10 கிராம் காய்ந்த இலை போட்டு, நூலில் கட்டி, காபிச் செடியடியில் சருகுக்குள் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சில பைகளை எடுத்து, மண்ணைத் துடைத்து, உலர்த்தி, எடை பாருங்கள். காட்டு மண் ஆராயும் விஞ்ஞானிகளும் இதே முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். செலவு நூறு ரூபாய் ஆகாது.

சுண்ணாம்புக் கரடு பக்கத்தில், அதாவது மேக்னசைட் சுரங்கப் பகுதியைச் சுற்றி இருப்பவர்கள் தங்கள் மண்ணையே கேள்வியாக்கலாம். மெக்னீசியம் மிகுந்த அந்த மண்ணிலும் சாதாரணச் செம்மண்ணிலும் ஒரே கீரை எப்படி வளர்கிறது? ஜிப்சம் சேர்த்தால் மாறுமா? மண்ணை உரிமையாளரிடம் கேட்டு எடுங்கள். சுரங்கத்துக்குள் போக வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த யோசனை ஒன்று உண்டு. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும் என்று பாடத்தில் படிக்கிறோம். நமக்கோ 20 கொண்டை ஊசி வளைவுகளில் அது கண்முன்னே நடக்கிறது. கீழே ஒரு பள்ளி, மேலே ஒரு பள்ளி கைகோத்து, ஒரே பையிலிருந்து எடுத்த விதை, ஒரே குவியலிலிருந்து எடுத்த மண், ஒரே அளவுத் தொட்டி என்று முள்ளங்கி வளர்த்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. மலையேறும்போது வெப்பத்தோடு ஈரப்பதம், மழை, மூடுபனி எல்லாமும் மாறும். அதனால் "குளிரால்தான் இப்படி" என்று முடிவு எழுத முடியாது. "இந்த உயரத்தில் இப்படி" என்றுதான் எழுதலாம். இந்த வித்தியாசம் புரிந்த மாணவரை எந்த நடுவரும் கவனிப்பார்.

கேள்வியைக் கூர்மையாக்குங்கள்

"இயற்கை உரம் நல்லதா?" என்பதை அளக்க முடியாது. "செம்மண்ணில் பத்தில் ஒரு பங்கு, இரு பங்கு, மூன்று பங்கு மண்புழு உரம் கலந்தால், தட்டைப்பயறின் உயரம், இலை எண்ணிக்கை, உலர் எடை 30 நாளில் எப்படி மாறும்?" என்பதை அளக்கலாம். எதை மாற்றுகிறேன், எதை அளக்கிறேன், எதையெல்லாம் மாறாமல் வைக்கிறேன் என்று மூன்று வரி எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் கேள்வி இன்னும் பழுக்கவில்லை.

அப்புறம், உங்கள் யூகத்தையும் காரணத்தோடு எழுதி, தேதி போட்டு வையுங்கள். ஆய்வு முடிந்தபின் அதைத் திருத்தக் கூடாது. யூகம் தவறிப்போனால் மதிப்பெண் குறையாது.

காலக்கணக்கு

போட்டி அக்டோபர், நவம்பரில் வரும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். அறிக்கையும் பலகையும் செய்ய மூன்று வாரம், கணக்குப் போட ஒரு வாரம், சோதனை ஐந்து வாரம், அது கெட்டுப்போனால் மறுபடி செய்ய இன்னொரு ஐந்து வாரம். ஜூலை தொடக்கத்தில் விதை மண்ணில் இருக்க வேண்டும் என்று விடை வரும். அந்தக் கடைசி ஐந்து வாரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஓர் ஆண்டு எங்கள் மாணவர்களின் தொட்டிகள் ஓர் இரவு மழையில் நிரம்பி, நாற்றெல்லாம் அழுகிவிட்டன. செப்டம்பர், அக்டோபரில் நம் பக்கம் மழை வலுக்கும் என்று தெரிந்தும் மேலே கூரை போட நான் சொல்லவில்லை. மறுபடி விதைக்க நாள் இல்லை. அந்தப் பிள்ளைகளின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

குறுகிய காலத்துக்கு ஏற்றவை பச்சைப்பயறு, தட்டைப்பயறு, வெந்தயம், முள்ளங்கி, தண்டுக்கீரை. மாம்பழ ஆய்வு செய்ய ஆசைப்படுகிறவர்கள் கவனியுங்கள்: நம் மல்கோவாவும் குண்டு மாங்காயும் வரும்போது பள்ளி விடுமுறையில் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களிலேயே வைக்கோல், ஆவாரம் இலை, காகிதம் என்று வைத்துப் பழுக்கும் நாளையும் எடை இழப்பையும் பதிவு செய்துவிட்டால், ஜூனில் தரவோடு வகுப்புக்கு வரலாம்.

சோதனையை அமைப்பது

ஒரு தொட்டிக்கு உரம், ஒரு தொட்டிக்கு உரம் இல்லை. உரத் தொட்டி நன்றாக வளர்ந்தது. இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்த ஒரு விதையே வலுவான விதையாக இருந்திருக்கலாம். ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது ஐந்து தொட்டி வையுங்கள். உரமே போடாத ஐந்து தொட்டியும் கட்டாயம் வேண்டும். அதுதான் ஒப்பீட்டுக் குழு. அது இல்லாவிட்டால் மற்ற எல்லாம் வீண். ஒவ்வொரு தொட்டியிலும் மூன்று விதை போட்டு, முளைத்தபின் சராசரியான ஒரு நாற்றை விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். நல்ல நாற்றை உரத் தொட்டிக்கும் நோஞ்சானை மற்றதற்கும் விடக் கூடாது. கை தானாக அப்படித்தான் போகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டிகளை எப்படி அடுக்குவது? உரத் தொட்டி ஐந்தும் ஒரு வரிசை, மற்றவை ஒரு வரிசை என்று வைத்தால் சுவர் நிழல் ஒரு வரிசையில் மட்டும் விழும். வளர்ச்சி உரத்தால் வந்ததா, வெயிலால் வந்ததா? இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னவர் ரொனால்டு ஃபிஷர். இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் என்ற பண்ணையில் 1843 முதல் கோதுமைச் சோதனை நடந்து வருகிறது. அங்கே குவிந்துகிடந்த விளைச்சல் கணக்கை ஆராய 1919-ல் போனவர், எந்த உரம் எந்தப் பாத்திக்கு என்பதைக் குலுக்கல் முடிவு செய்யட்டும் என்றார். நமக்குத் தொட்டிக்கு ஒரு துண்டுச் சீட்டும் ஒரு டப்பாவும் போதும். வாரம் ஒருமுறை மறுபடி குலுக்கி இடம் மாற்றுங்கள். தொட்டியில் உரத்தின் பெயர் எழுதாமல் எண் மட்டும் ஒட்டி, எது எது என்று தெரியாத தோழியை அளக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

நிலத்து மண்ணை எடுப்பதென்றால் ஒரே இடத்தில் அள்ளாதீர்கள். மேல் சருகை விலக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில வி எழுத்து வடிவில் குழி வெட்டி, அதன் பக்கவாட்டை ஒரே தடிமனில் சீவி எடுங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குழி பக்கம் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, நான்காகப் பங்கிட்டு எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்து, அரைக் கிலோ வரும்வரை குறைக்க வேண்டும். அந்த அரைக் கிலோவை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனையும் கேட்கலாம். ஆசிரியர் கடிதத்தோடு போங்கள். என்ன கேட்கப் போகிறீர்கள் என்று முன்பே எழுதிக்கொண்டு போங்கள்.

அளப்பதும் எழுதுவதும்

உயரத்தை மண் மட்டத்திலிருந்து வளரும் நுனி வரை, சமமான நாள் இடைவெளியில், ஒரே நேரத்தில், ஒருவரே அளக்கட்டும். இலைப் பரப்புக்கு இலையைக் கட்டத் தாளில் வைத்து வரைந்து கட்டங்களை எண்ணலாம். ஆனால் எல்லாவற்றிலும் நம்பகமானது உலர் எடை. செடியை வேரோடு எடுத்து, கழுவி, செய்தித்தாளில் வைத்து வெயிலில் காயவைத்து, அடுத்தடுத்த இரண்டு நாளும் எடை மாறாமல் நிற்கும்வரை காத்திருங்கள்.

ஒரு கீரை நாற்றின் எடை ஒரு கிராம்கூட வராது. மளிகைக் கடைத் தராசு அதைக் காட்டாது. இங்கேதான் சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி. நம் ஊரில் தெருவுக்குத் தெரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அங்கே கிராமுக்கும் குறைவான எடையைக் காட்டும் மின்னணுத் தராசு இருக்கும். "அண்ணா, பள்ளி ஆய்வுக்கு இருபது செடி எடை பார்க்கணும்" என்று கேட்டால், வேலை குறைவான நேரத்தில் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எங்கள் மாணவிகளுக்கு ஒரு பட்டறைக்காரர் தராசை மின்விசிறிக் காற்றுபடாமல் மறைத்துவைத்து எடை பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார். அறிக்கையில் அவருக்கு நன்றி எழுதியிருந்தார்கள்.

பதிவேடு தைத்த நோட்டாக இருக்கட்டும். பேனாவில் எழுதுங்கள். தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள், தாளைக் கிழிக்காதீர்கள். தேதி, வானிலை, எவ்வளவு தண்ணீர், யார் ஊற்றினார்கள், ஆடு வந்து கடித்தது, எறும்பு வந்தது எல்லாம் அதில் இருக்க வேண்டும். மண் கறை படிந்த அந்த நோட்டை நடுவர் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. போட்டிக்கு முந்தின வாரம் உட்கார்ந்து அழகாகப் பிரதி எடுத்து, பழையதைத் தூக்கிப் போடுகிற வேலை மட்டும் வேண்டாம்.

தொடக் கூடாதவை

பூச்சிமருந்தை மாணவர்கள் கையாளவே கூடாது, நீர்த்ததாக இருந்தாலும். மாம்பழ ஆய்வில் கால்சியம் கார்பைடு வேண்டாம். பழுக்க வைக்க அது தடை செய்யப்பட்டது, ஆபத்தானதும்கூட. சிப்பிக் காளான் போன்ற உண்ணும் காளான் தவிர, பாக்டீரியா, பூஞ்சை வளர்ப்பை வீட்டில் செய்தால் ஐசெஃப் விதிப்படி ஆய்வே தள்ளுபடி. ஆய்வுக்கூடத்தில், பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில்தான் செய்யலாம். மரவள்ளி இலையிலும் தோலிலும் சயனைடை வெளிவிடும் பொருள் இருப்பதால் ஆட்டுக்கோ கோழிக்கோ கொடுத்துப் பார்க்கும் சோதனை கூடவே கூடாது.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. மாவுப்பூச்சி பிடித்த இலையையோ தேமல் நோய் வந்த கரணையையோ "காட்டுவதற்கு" என்று பையில் போட்டு வேறு ஊருக்கு எடுத்துப் போகாதீர்கள். தேமல் கரணை வழியாகவும் வெள்ளை ஈ வழியாகவும் பரவும். படம் எடுத்துக் காட்டினால் போதும். அதேபோல் சேர்வராயன் மலைக் காட்டில் செடியைப் பிடுங்காதீர்கள்.

எண்கள் என்ன சொல்கின்றன?

ஐந்து தொட்டியின் உயரம் 17, 18, 19, 20, 31 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சராசரி 21. ஆனால் ஐந்தில் நான்கு செடி 21-ஐத் தொடவே இல்லை! ஒரு செடி எல்லாவற்றையும் தூக்கிக் காட்டுகிறது. நடுவில் நிற்கும் 19 இங்கே உண்மைக்கு நெருக்கம். அதனால் சராசரியோடு குறைந்தது, கூடியது, நடு எண் மூன்றையும் எழுதுங்கள். அந்த 31-ஐ வசதிக்காக நீக்காதீர்கள். ஏன் அப்படி வளர்ந்தது என்று பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். இரண்டு குழுவின் எண்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தால் "வித்தியாசம் தெரியவில்லை" என்றே எழுதுங்கள். அதுவும் முழுமையான முடிவுதான். இரண்டு குழுவின் வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று கணக்கிடும் டி-சோதனையை மேல்நிலை மாணவர்கள் கணக்கு ஆசிரியரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம்.

பலகையும் பேச்சும்

பலகையில் கேள்வி பெரிய எழுத்தில், செய்த முறை படங்களாக, ஒரே ஒரு நல்ல வரைபடம், முடிவு நான்கு வரியில். ஜிகினாத் தாள் வேண்டாம். மேசையில் ஒப்பீட்டுத் தொட்டி ஒன்று, மாற்றிய தொட்டி ஒன்று, பதிவேடு.

பேச்சை மனப்பாடம் செய்யாதீர்கள். இரண்டு நிமிடத்துக்குள், "எங்க தோட்டத்துல இப்படி நடந்தது, அதனால இதைக் கேட்டோம்" என்று தொடங்கினால் மீதி தானாக வரும். பக்கத்து வீட்டு அத்தைக்குப் புரிகிற வரை சொல்லிப் பழகுங்கள். நடுவர்கள் கேட்பவை பெரும்பாலும் இவைதான்: எத்தனை தொட்டி, ஏன் அத்தனை? ஒப்பீடு எது? உங்களில் யார் எதைச் செய்தீர்கள்? எது தவறிப்போனது? மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள்? கடைசி இரண்டுக்கும் நேர்மையான பதில் வைத்திருக்கிற குழுக்களைத்தான் அடுத்த நிலையில் பார்த்திருக்கிறேன். தெரியாததற்கு "தெரியவில்லை, ஆனால் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம்" என்று சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தொட்டி தூக்க உதவுங்கள், பேருந்துக்குக் கூட வாருங்கள். அளப்பதையும் எழுதுவதையும் பிள்ளையே செய்யட்டும்.

பரிசு வந்தாலும் வராவிட்டாலும், கரணை கொடுத்த விவசாயியிடமும் தராசு கொடுத்த பட்டறைக்காரரிடமும் ஒருநாள் போய் முடிவைச் சொல்லிவிட்டு வாருங்கள். எந்தக் கரணை எத்தனை நாளில் முளைத்தது என்று நீங்கள் சொன்னதும் அந்த விவசாயி இன்னொரு கேள்வி கேட்பார். அதைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, நோட்டைப் பள்ளி நூலகத்தில் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஜூனில் உங்கள் தம்பி, தங்கைகள் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவார்கள்.